லினக்ஸில் ‘டீஃபால்ட்’ பாட்டு பிளேயர் மாறினால் எது தொலையும்? அப்பாவின் லேப்டாப்பிலிருந்து ஒரு பாடம்

கரிவலம்வந்தநல்லூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். அவர் வேலைக்குச் சென்னை போன பிறகு அது அப்பாவிடமே தங்கிவிட்டது. 2015 வாக்கில் விண்டோஸ் ரொம்ப மெதுவாகிவிட்டதால், மகன் அதில் லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுத்தார். அப்பா அதில் பாட்டு கேட்கப் பழகினார். இளையராஜா பாட்டு ஒரு பக்கம், கோயில் கொடையில் பதிவு செய்த வில்லுப்பாட்டு ஒரு பக்கம், ஆச்சி பாடிய தாலாட்டு ஒரு பக்கம் என்று மகன் வரிசையாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்.

பல வருடம் கழித்து, பொங்கலுக்கு ஊருக்கு வந்த மகன் பழைய மின்ட்டை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பைப் போடுகிறார். பாட்டு ஃபோல்டரை பென் டிரைவில் எடுத்து வைத்து, பத்திரமாகத் திரும்ப ஏற்றியும் விடுகிறார். ஆனால் சாயங்காலம் அப்பா கேட்கிறார்: “ஏல, ஆச்சி பாட்டெல்லாம் ஒரே இடத்துல வரிசையா கெடந்துச்சே, அது எங்கல போச்சு?”

பாட்டு எதுவும் அழியவில்லை. ஆனால் வரிசை போய்விட்டது, பெயர்கள் போய்விட்டன, எது எத்தனை தடவை கேட்ட பாட்டு என்ற கணக்கும் போய்விட்டது. காரணம், பழைய மின்ட்டில் இருந்த பாட்டு பிளேயர் ‘பான்ஷி’. புதியதில் இருப்பது ‘ரிதம்பாக்ஸ்’. இந்த மாற்றத்தை மகன் செய்யவில்லை. எங்கோ இருக்கும் சிலர் எடுத்த முடிவு அது. ஏன் எடுத்தார்கள்? அதனால் நமக்கு என்ன?

‘டீஃபால்ட்’ என்றால் என்ன?

லினக்ஸ் என்பது கடையில் கிடைக்கும் ஒரே பொருள் இல்லை. உபுண்டு, மின்ட், ஃபெடோரா, நம் நாட்டின் பாஸ் என்று பல தொகுப்புகள் உண்டு. இவற்றை ‘டிஸ்ட்ரோ’ என்பார்கள். ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் இணையத்தில் பொதுவாகக் கிடைக்கும் ஆயிரக்கணக்கான இலவச மென்பொருள்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகிறது. பிரவுசருக்கு ஒன்று, படம் பார்க்க ஒன்று, பாட்டுக்கு ஒன்று. நிறுவி முடித்ததுமே தயாராக இருக்கும் அந்த ஒன்றுதான் டீஃபால்ட்.

“பிடிக்கலைன்னா வேற போட்டுக்க வேண்டியதுதானே, இதுல என்ன இருக்கு?” என்று தோன்றலாம். போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் பெரும்பாலானோர் போட்டுக்கொள்வதில்லை. போனில் வந்த ரிங்டோனையே வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள்தானே நாம்? அதனால் டீஃபால்ட் இடத்தைப் பிடிக்கும் மென்பொருளுக்கு ஒரே நாளில் பெரும் கூட்டம் சேரும். அந்த இடத்தை இழப்பது கூட்டத்தையே இழப்பதுதான்.

ஒரு நாற்காலி, இரண்டு பிளேயர்

இதற்குச் சிறந்த உதாரணம் உபுண்டு. அதில் ரிதம்பாக்ஸ்தான் பல வருடங்களாகப் பாட்டு பிளேயராக இருந்தது. 2010 அக்டோபரில் அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் நடந்த உபுண்டு டெவலப்பர் மாநாட்டில், அடுத்த பதிப்பிலிருந்து பான்ஷி என்று முடிவானது. 2011 ஏப்ரலில் வந்த உபுண்டு 11.04 பான்ஷியுடன் வந்தது.

அப்போது பான்ஷிக்கு நல்ல பெயர். அதன் டெவலப்பர்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள், புதுப்புது வசதிகள் வந்துகொண்டிருந்தன. ஆனால் ஒரே வருடம்தான். 2012 ஏப்ரலில் வந்த 12.04-ல் மறுபடியும் ரிதம்பாக்ஸ் வந்து உட்கார்ந்துவிட்டது.

பான்ஷி கெட்டுப்போய்விட்டதா? அப்படிச் சொல்ல முடியாது. அது ‘மோனோ’ என்ற அடித்தளத்தின் மேல் எழுதப்பட்டது. பான்ஷியை வைத்துக்கொண்டால், அது ஓடுவதற்காகவே மோனோவையும் கூடவே கட்டிக் கொடுக்க வேண்டும். உபுண்டு அப்போது 700 எம்பி சிடியில் அடங்க வேண்டிய காலம். ஒவ்வொரு எம்பிக்கும் இழுபறி. மோனோவில் ஓடிய ‘டாம்பாய்’ குறிப்பேட்டையும் சேர்த்து வெளியே எடுத்தால் கணிசமான இடம் மிஞ்சும்.

இன்னொரு காரணம், திரையில் பட்டன், ஜன்னல் எல்லாம் வரையும் ‘ஜிடிகே’ கருவித்தொகுப்பு. உலகம் அதன் மூன்றாம் பதிப்புக்கு நகர்ந்துகொண்டிருந்தபோது, பான்ஷி இன்னும் இரண்டாம் பதிப்பிலேயே இருந்தது. ஏஆர்எம் சிப் கொண்ட கருவிகளிலும் அது சரியாக ஓடவில்லை என்ற புகார் இருந்தது. 12.04 என்பது பல வருடங்களுக்குப் பராமரிப்பு தர வேண்டிய பதிப்பு. “அஞ்சு வருஷத்துக்கு இதை யார் பார்த்துக்குவாங்க?” என்ற கேள்விக்கு ரிதம்பாக்ஸ் பக்கம்தான் தைரியமான பதில் இருந்தது.

நடுவில் வந்த பணம்

இலவச மென்பொருளில் பணம் எங்கிருந்து வந்தது? பான்ஷிக்குள் அமேசானின் எம்பி3 கடை இருந்தது. பயனர் அதில் பாட்டு வாங்கினால் ஒரு கமிஷன் கிடைக்கும். பான்ஷி குழு அந்தப் பணம் முழுவதையும் குனோம் அறக்கட்டளைக்கே கொடுத்துவந்தது. குனோம் என்பது பல டிஸ்ட்ரோக்கள் பயன்படுத்தும் திரை அமைப்பை உருவாக்கும் லாப நோக்கற்ற அமைப்பு.

பான்ஷி டீஃபால்ட் ஆகப்போகிறது என்றதும், உபுண்டுவை நடத்தும் கனானிகல் நிறுவனம் இரண்டு வழி சொன்னது. ஒன்று, அமேசான் கடை அணைத்த நிலையில் வரும், யாராவது தேடி இயக்கினால் வரும் பணம் முழுவதும் குனோமுக்கு. இரண்டு, கடை இயங்கும் நிலையில் வரும், ஆனால் 75 சதவீதம் கனானிகலுக்கு, 25 சதவீதம் குனோமுக்கு. பான்ஷி குழு முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது. அதன் பிறகு கனானிகல் மனம் மாறி, கடை இயங்கும், 75-25 என்றே பங்கு போகும் என்று அறிவித்தது. 2011 பிப்ரவரியில் இது பெரிய சர்ச்சையானது. விஷயத்தைக் கையாண்ட விதம் சரியில்லை என்று கனானிகல் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த்தே ஒப்புக்கொண்டார். ஆனால் பங்கு மாறவில்லை.

அந்தக் கடை இந்தியாவில் விற்கவே இல்லை என்பது வேறு விஷயம். சங்கரன்கோவிலில் உட்கார்ந்து பான்ஷியைத் திறந்தவருக்கு அது வெறும் ஒரு பட்டன். ஆனால் ஒரு பொருள் எல்லோர் கண்ணிலும் முதலில் படும் இடத்தில் இருந்தால், அந்த இடத்துக்கே ஒரு விலை வந்துவிடும். டீஃபால்ட் என்பது வெறும் ரசனை சார்ந்த தேர்வு இல்லை என்பதை அந்தச் சண்டை வெளிப்படையாகக் காட்டியது.

நாற்காலி போன பிறகு

பான்ஷி உபுண்டுவை இழந்த பிறகு மெல்ல மெல்ல ஒடுங்கியது. 2011-லேயே நோவெல் நிறுவனம் கைமாறி, மோனோவை உருவாக்கிய ஊழியர்கள் வேலை இழந்தார்கள். 2014-க்குப் பிறகு பான்ஷிக்குப் புதிய நிலையான பதிப்பு வரவில்லை. லினக்ஸ் மின்ட் மட்டும் அதைக் கொஞ்ச காலம் பிடித்துக்கொண்டிருந்தது. 2016 டிசம்பரில் வந்த மின்ட் 18.1-ல் அங்கேயும் ரிதம்பாக்ஸ் வந்துவிட்டது. கரிவலம்வந்தநல்லூர் அப்பாவின் லேப்டாப்பில் நடந்தது இதுதான்.

கேடிஈ திரை அமைப்போடு வரும் குபுண்டுவிலும் இப்படித்தான். அமராக் இருந்தது, அப்புறம் கேன்டாட்டா, 2020-ல் எலிசா. 2023 அக்டோபரில் வந்த உபுண்டு 23.10 இன்னும் ஒரு படி மேலே போனது. பிரவுசர், சில அடிப்படைக் கருவிகள் மட்டும் வரும் சின்ன நிறுவலையே டீஃபால்ட் ஆக்கியது. ரிதம்பாக்ஸ் வேண்டும் என்றால் நிறுவும்போது பெரிய தொகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது பிறகு தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். பாட்டு என்றால் பிரவுசரிலோ போனிலோ கேட்பது என்று ஆகிவிட்ட காலத்தில், பாட்டு பிளேயருக்கு நாற்காலியே தேவையா என்ற கேள்வி வந்துவிட்டது.

ஆனால் ஊர்க் கொடை வில்லுப்பாட்டு ஸ்பாட்டிஃபையில் இல்லை. ஆச்சியின் தாலாட்டு எந்த ஆப்பிலும் இல்லை. அவை அந்த ஒரு லேப்டாப்பில்தான் இருக்கின்றன.

அரசு லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்கெனவே இருந்ததே!

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழி வசதிகளுடன் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது பாஸ். முதல் பதிப்பு 2007-ல் வந்தது.

லேப்டாப்பை ஆன் செய்ததும் எதற்குள் போக வேண்டும் என்று கேட்கும். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸுக்குள் போனார்கள். தெரிந்த முகம் அதுதான். ஒரு பொருள் கையில் இருப்பதும், அது டீஃபால்ட்டாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நமக்குக் கிடைக்காது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப் அந்தக் காலத்து லேப்டாப்களில் கிடையாது. தூக்கிப் போட மனம் வராதவர்கள் மின்ட் போன்ற டிஸ்ட்ரோ பக்கம் வருகிறார்கள். அப்படி வரும்போது முதலில் தடுக்கி விழும் இடங்களில் ஒன்று இந்தப் பாட்டு பிளேயர்தான்.

மாறினால் எது போகும், எது போகாது?

பாட்டு ஃபைல் போகாது. எம்பி3, எம்4ஏ எதுவாக இருந்தாலும் அது ஃபோல்டரில் அப்படியே இருக்கும்.

ஃபைலுக்குள் எழுதிய விவரமும் போகாது. பாட்டின் பெயர், பாடியவர், படத்தின் பெயர் போன்றவை ‘டேக்’ என்ற பகுதியாக ஃபைலுக்கு உள்ளேயே இருக்கும். எந்தப் பிளேயரும் அதைப் படிக்கும்.

போவது, பிளேயர் தன் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தது. பிளேலிஸ்ட், நட்சத்திர மதிப்பு, எத்தனை தடவை கேட்டது போன்றவை. ரிதம்பாக்ஸ் இவற்றை மறைந்திருக்கும் ‘லோக்கல்’ ஃபோல்டருக்குள், ‘ஷேர்’, அதற்குள் ‘ரிதம்பாக்ஸ்’ என்ற இடத்தில் தனி ஃபைல்களாக வைக்கிறது. ஃபைல் மேனேஜரில் கண்ட்ரோல் - எச் அழுத்தினால்தான் அந்த இடம் கண்ணுக்கே தெரியும். பான்ஷிக்கு வேறு இடம், வேறு வடிவம். மளிகைக் கடை மாறினால் பழைய கடையின் பற்றுவரவு நோட்டு புதுக் கடைக்கு வராது இல்லையா, அதே கதை.

மகன் பாட்டு ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் எடுத்தார். நோட்டை எடுக்கவில்லை.

ஊர் பெயரே அடங்காத 30 பைட்

தமிழ்ப் பாட்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. “பாட்டு வருது, ஆனா பேரு மட்டும் கிறுக்கலா வருது” என்ற புகாரைக் கேட்டிருப்பீர்கள்.

எம்பி3-க்கான முதல் டேக் முறை ‘ஐடி3’. 1996-ல் வந்தது. பாட்டின் பெயருக்கு அது ஒதுக்கிய இடம் 30 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்பதால் 30 எழுத்து எழுதலாம். தமிழ் யூனிகோடின் பரவலான சேமிப்பு முறையில் ‘க’ என்ற எழுத்துக்கே 3 பைட் வேண்டும். ‘ரி’ என்றால் எழுத்துக்கு 3, கொக்கிக்கு 3, ஆக 6.

‘கரிவலம்வந்தநல்லூர்’ என்று எழுத 54 பைட் தேவை. 30 பைட்டில் ‘கரிவலம்வந்’ என்பதோடு நின்றுவிடும். ‘கரிவலம்வந்தநல்லூர் வில்லுப்பாட்டு’ என்று ஆசையாகப் பெயர் வைத்தால், ஊர் பெயரே பாதியில் அறுந்துவிடும். போதாக்குறைக்கு அந்தப் பழைய முறை தமிழ் எழுத்தைப் பற்றி யோசித்தே வடிவமைக்கப்படவில்லை. அதனால் சில பிளேயர்களில் அதுவும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

இதற்குத் தீர்வு ஐடி3-யின் இரண்டாம் தலைமுறை. அதில் யூனிகோட் உண்டு, நீளக் கட்டுப்பாடும் நடைமுறையில் இல்லை. ‘கிட்3’ என்ற இலவசக் கருவியில் ஒரு பாட்டைத் திறந்தால், ‘டேக் 1’, ‘டேக் 2’ என்று இரண்டும் தனித்தனியாகத் தெரியும். தமிழ்ப் பெயரை ‘டேக் 2’-ல் எழுதி, ‘டேக் 1’-ஐ நீக்கிவிடலாம். ஒருமுறை செய்துவிட்டால் எந்தப் பிளேயர் வந்தாலும் போனாலும் பெயர் நிற்கும்.

டீஃபால்ட்டை நாமே மாற்றுவது எப்படி?

டிஸ்ட்ரோ தேர்ந்தெடுத்தது பிடிக்கவில்லையா? இரண்டு நிமிட வேலை.

முதலில், வேண்டிய பிளேயரை டிஸ்ட்ரோவின் சாஃப்ட்வேர் கடையில் தேடி நிறுவுங்கள். பழைய, நினைவகம் குறைந்த லேப்டாப் என்றால் ‘ஆடேஷியஸ்’ லேசானது. எந்த வகை ஃபைலாக இருந்தாலும் ஓட வேண்டும் என்றால் விஎல்சி.

அடுத்து செட்டிங்ஸ். உபுண்டுவில் ‘டீஃபால்ட் ஆப்ஸ்’ என்ற பகுதியிலும், மின்ட்டில் ‘பிரிஃபர்டு அப்ளிகேஷன்ஸ்’ என்ற பகுதியிலும் ‘மியூசிக்’ என்பதற்கு எதிரே வேண்டிய பிளேயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அப்படியும் சில பாட்டு பழைய பிளேயரிலேயே திறக்கிறதா? லினக்ஸ் ஒவ்வொரு ஃபைல் வகைக்கும் தனித்தனியாக டீஃபால்ட் வைத்திருக்கும். எம்பி3-க்கு ஒன்று, எம்4ஏ-வுக்கு ஒன்று, ஃபிளாக்குக்கு ஒன்று. மாறாத ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து, ‘ஓபன் வித்’ போய், எப்போதும் இதிலேயே திற என்ற தேர்வைக் கொடுத்தால் அந்த வகையும் மாறிவிடும்.

பாட்டே ஓடவில்லை என்றால் பிளேயரைத் திட்ட வேண்டாம். எம்பி3 தொழில்நுட்பத்துக்குப் பல வருடம் காப்புரிமை இருந்ததால், பல டிஸ்ட்ரோக்கள் அதைக் கையோடு கொடுக்கத் தயங்கின. அதன் உரிமத் திட்டத்தை ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 2017 ஏப்ரலில்தான் முடித்துக்கொண்டது. வேறு சில வகைகளுக்கு இப்போதும் இதே சிக்கல் உண்டு. மின்ட் நிறுவும்போது ‘மல்டிமீடியா கோடெக்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பழைய பட்டன் போனில் பதிவான ஏஎம்ஆர் ஃபைல்களுக்கும் இது உதவும்.

அடுத்த தடவை மாறும் முன்

மாறாமல் இருக்காது. அதனால் புதிய பதிப்பு போடும் முன் நான்கு வேலை:

1. பிளேலிஸ்ட்டை ரைட் கிளிக் செய்து ஃபைலாகச் சேமியுங்கள். ‘எம்3யு’ வடிவம் கிட்டத்தட்ட எல்லாப் பிளேயருக்கும் புரியும். அதில் இருப்பது பாட்டு இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே. பாட்டு ஃபோல்டரை பழைய இடத்திலேயே, பழைய பெயரிலேயே வைத்தால்தான் அது வேலை செய்யும்.

2. வீட்டுப் பதிவுகளின் ஃபைல் பெயரையே தெளிவாக மாற்றுங்கள். ‘ரெக்கார்டிங் 014’ என்று விட்டுவிடாமல், ‘ஆச்சி தாலாட்டு 2013’ என்று வையுங்கள்.

3. யார் பாடியது, எந்தக் கொடை, எந்த வருடம் என்பதை டேக்கில் எழுதுங்கள். அதே ஃபோல்டரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலிலும் எழுதி வையுங்கள். அதைத் திறக்க எந்தப் பிளேயரும் வேண்டாம்.

4. ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும். ஒரே லேப்டாப், ஒரே பென் டிரைவ் என்பது பத்திரம் இல்லை.

இந்த நான்காவது விஷயத்தில் கரிவலம்வந்தநல்லூருக்குப் பழைய வடு ஒன்று உண்டு. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏட்டுச்சுவடி தேடி அலைந்த உ.வே.சாமிநாதையர், பாண்டிய மன்னரின் சுவடிகள் இந்த ஊர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆசையோடு வந்தார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்கள் என்ற பதில்தான் அவருக்குக் கிடைத்தது. அப்படிச் செய்வதுதான் முறை என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் செய்துவிட்டார்கள். இதைத் தன் ‘என் சரித்திரம்’ நூலில் அவர் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். அந்த ஏடுகளுக்கு வேறு பிரதி இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

ஆச்சியின் தாலாட்டு ஃபைல் இன்னும் இருக்கிறது. மகன் சென்னைக்கு பஸ் ஏறும் முன் அப்பாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். “இது ஆச்சி உன்னைத் தூங்க வைக்கப் பாடினது, இது உன் தங்கச்சிக்கு” என்று அப்பா சொல்லச் சொல்ல, மகன் டேக்கில் எழுதிவிடலாம். ரிதம்பாக்ஸுக்குப் பதில் நாளைக்கு என்ன வந்தாலும் அந்தப் பெயர் பாட்டோடு போகும்.